அலைன்மென்ட் சீட்டில் எல்லாம் பச்சை. காரின் பின்பக்கம் மட்டும் ஏன் நழுவுகிறது?

கேட்கப்பட்டதைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு ஹோண்டா எஸ்2000 ஒன்றைப் பழைய காராக வாங்கியிருக்கிறீர்கள். முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டு, அலைன்மென்ட்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்யும் வேலை) பார்த்த பிறகு, மோட்டர்வேயில் கார் நேராக நிற்காமல் அலைகிறது. மழை பெய்த சாலையில் ரவுண்டபவுட்டிலிருந்து இடப்புறம் திரும்பி வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சட்டென்று விலகுகிறது. பட்டறை தந்த பிரிண்ட் அவுட்டில் எல்லாம் பச்சை, அதாவது அளவுகள் எல்லாம் வரம்புக்குள். மறுபடியும் அலைன்மென்ட் செய்தால் சரியாகுமா, அல்லது இந்தக் காரின் சுபாவமே இதுதானா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், இரண்டு செய்திகளைச் சொல்லியிருக்கிறீர்கள்: வலப்புறம் திரும்பும்போது இந்த நழுவல் அவ்வளவாக இல்லை, நேராகப் போகும்போது ஸ்டியரிங் வீல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த வரிதான். ஆகவே உண்மையில் நாம் பார்க்க வேண்டியது, எண்கள் சரி என்று இயந்திரம் சொல்லும்போது அந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதைத்தான்.

நான் இயந்திரப் பொறியியல் படித்து, சஸ்பென்ஷன் பழுதுபார்ப்பையும் அலைன்மென்ட் வேலையையும் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன். காரைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்க்காமல் இன்ன பாகம்தான் கெட்டிருக்கிறது என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் சொல்லப் போவதில்லை. எதை எந்த வரிசையில் பார்த்தால் காசும் நேரமும் வீணாகாது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். காரின் முன்பக்கம் எங்கே போக வேண்டும் என்பதை உங்கள் கை தீர்மானிக்கிறது. பின்பக்கம் எங்கே போக வேண்டும் என்பதைப் பின்சக்கரங்கள் பார்க்கும் திசை தீர்மானிக்கிறது. முன்சக்கர டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ நோக்கும் கோணம், கொஞ்சம் பிசகினால் டயர் தேயும், ஸ்டியரிங்கின் உணர்வு மாறும், ஆனால் ஓட்டுபவர் தன்னை அறியாமலேயே அதைச் சரிக்கட்டிக்கொண்டே போவார். பின்சக்கர டோவைச் சரிக்கட்ட ஓட்டுபவரிடம் எந்தக் கருவியும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் லேசாக உட்புறம் நோக்கியிருந்தால், அதாவது டோ-இன் இருந்தால், திருப்பத்தில் எடை ஏறும் வெளிப்பக்கச் சக்கரம் காரின் பின்பகுதியைத் திருப்பத்தின் உள்நோக்கியே தள்ளிக்கொண்டிருக்கும். கார் நிலையாக இருக்கும். அந்த டோ-இன் பூஜ்யமாகிவிட்டாலோ, வெளிநோக்கித் திரும்பிவிட்டாலோ, பின்பகுதி தானாகவே வெளியே போகப் பார்க்கும். ஆகவே கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு), டோ என்று வரும் எண்களில், பின்பக்கம் நழுவுகிறது என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது பின்சக்கர டோவைத்தான்.

நீங்கள் இணைத்திருக்கும் பிரிண்ட் அவுட்டில் பின்சக்கரங்களுக்கு மொத்த டோ 32 நிமிடம் என்று மட்டும்தான் இருக்கிறது. இங்கே நிமிடம் என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. இடச்சக்கரம் எவ்வளவு, வலச்சக்கரம் எவ்வளவு என்று இல்லை. த்ரஸ்ட் கோணமும் இல்லை. இங்கேதான் பச்சை நிறம் ஏமாற்றுகிறது. இரண்டும் தலா 16 நிமிடம் உள்நோக்கியிருந்தாலும் மொத்தம் 32. இடச்சக்கரம் 30 நிமிடமும் வலச்சக்கரம் 2 நிமிடமும் இருந்தாலும் மொத்தம் அதே 32. இரண்டாவது நிலையில் பின்அச்சு காரின் நடுக்கோட்டின் வழியே தள்ளாமல், அதிலிருந்து 14 நிமிடம் வலப்புறமாகத் தள்ளுகிறது; இந்த விலகலைத்தான் த்ரஸ்ட் கோணம் என்கிறார்கள். எஸ்2000இன் வீல்பேஸ், அதாவது முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையிலான தூரம், 2,400 மி.மீ. அந்த நீளத்தில் 14 நிமிடம் என்பது ஏறக்குறைய 10 மி.மீ. ஆகவே கார் நண்டு போலச் சற்றுக் குறுக்காக, பின்பகுதி 10 மி.மீ. வலப்புறம் ஒதுங்கிய நிலையில் ஓடும். நேராகப் போவதற்கு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்திருக்க வேண்டும். அது மட்டுமல்ல, இடப்புறம் திரும்பும்போது பின்பக்க எடையில் பெரும்பகுதி வலப் பின்சக்கரத்தின் மேல் ஏறும். அதில் இருப்பதோ வெறும் 2 நிமிட டோ-இன். வலப்புறம் திரும்பும்போது எடை ஏறுவது 30 நிமிட டோ-இன் உள்ள இடச்சக்கரத்தின் மேல். ஆகவே ஒரே கார் ஒரு பக்கம் அடக்கமாகவும் மறுபக்கம் அடங்காமலும் நடந்துகொள்ளும். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் இந்தப் படத்தோடு ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போகின்றன என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் ஆகிவிட்டது என்று சொல்லவில்லை. பிரிட்டனில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் குறுக்குச் சரிவும் பெரும்பாலும் இடது ஓரத்தை நோக்கியே இருக்கும். அந்தச் சரிவில் குற்றமற்ற காரும் இடப்பக்கம் இழுபடும், நீங்கள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்துக்கொண்டுதான் ஓட்டுவீர்கள். ஆகவே சாய்ந்த ஸ்டியரிங் என்ற சாட்சியம் பாதி பலம் உள்ளது. சமதளமான, காலியான பெரிய வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் மெதுவாக ஒரு திசையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதே கோட்டில் எதிர்த் திசையிலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஸ்டியரிங் வலப்பக்கமே சாய்ந்திருந்தால் குற்றம் காரில் இருக்கிறது. திசை மாறும்போது சாய்வும் மாறினால் தரையில் இருக்கிறது. பின்பக்க நழுவல் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பது இதைவிட வலுவான சாட்சியம், ஏனென்றால் டயரின் பொதுவான பழமையோ இந்த மாடலின் வடிவமைப்போ இடம் வலம் பார்ப்பதில்லை.

அதற்காக டயரை விட்டுவிட முடியாது. முன்பக்கம் மட்டும் புது டயர் போட்டது, நழுவலை உண்டாக்காவிட்டாலும், நிச்சயம் அதிகப்படுத்தியிருக்கும். ஈரத்தில் முன்சக்கரம் நன்றாகப் பற்றும், பின்சக்கரம் அந்த அளவுக்குப் பற்றாது. பற்றாத முனைதான் முதலில் விலகும். இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்கள் புதியதைப் பின்னால் போட வேண்டும் என்று டயர் தயாரிப்பாளர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான். இந்தக் காரிலோ முன்பக்கம் 205/55 ஆர்16, பின்பக்கம் 225/50 ஆர்16 என்று அளவே வேறு. முன்னதைப் பின்னால் மாற்றிப் போட வழியில்லை. பின்டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற முத்திரையோடு வரும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆழம் 1.6 மி.மீ.க்கு மேல் இருந்தால் சட்டம் விட்டுவிடும், ஆனால் கெட்டிப்பட்டுப்போன ரப்பரை ஈரச் சாலை விடாது. இரண்டு பின்டயரும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகமா, உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப்பல் போலக் கூராகவும் இருந்தால், அந்தச் சக்கரம் வெகுநாளாக டோ பிசகி ஓடியிருக்கிறது என்று பொருள். இயந்திரம் இன்று காட்டும் எண்ணைவிட அந்தத் தேய்மானம் நம்பகமானது. காற்றழுத்தம் நான்கிலும் குளிர்ந்த நிலையில் 32 பி.எஸ்.ஐ. மோட்டர்வே அலைச்சலில் ஒரு பங்கு புது முன்டயர்களின் ஆழமான பட்டைகள் நெளிவதாலும் வரலாம். அது சில நூறு கிலோமீட்டரில் தானே குறையும்.

இனி, ‘இந்தக் காரே இப்படித்தானா’ என்ற பகுதி. ஓரளவுக்கு ஆம். எஸ்2000இல் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் கை எனப்படும் இணைப்புகள் தாங்கும் அமைப்பு. ஏபி1 என்று குறிக்கப்படும் ஆரம்ப கால மாடலில் (உங்களுடையதும் அதுதான்) பின்சக்கரம் மேலே ஏறும்போது டோ-இன் கூடும், கீழே இறங்கும்போது குறையும். திருப்பத்தில் எடை அழுத்தும்வரை பின்பக்கம் பாறை போல நிற்கும். பாதித் திருப்பத்தில் காலை எடுத்தால் எடை முன்னே பாய்ந்து பின்பகுதி எழும்பும், இருந்த டோ-இன்னும் அந்த நொடியிலேயே குறையும். பிடிமானம் குறையும் அதே கணத்தில் சக்கரத்தின் திசையும் மாறுவதால்தான் அந்த நழுவல் படிப்படியாக வராமல் சட்டென்று வருகிறது. 2004 மாடலில் ஹோண்டா பின் சஸ்பென்ஷனின் அமைப்பை மாற்றி இந்த டோ மாற்றத்தைக் குறைத்தது. சக்கரமும் 17 அங்குலம் ஆனது. உங்கள் 2001 காரில் நழுவலைத் தானாக அடக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது. ஆனால் இந்த விளக்கத்தைக் கேட்டு, எல்லாப் பழியையும் ஹோண்டாவின் மேல் போட்டுவிட்டு அமைதியாகும் உரிமையாளர்கள் நிறையப் பேர் உண்டு. வடிவமைப்பில் உள்ள குணம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வர வேண்டும். உங்களுக்கு அப்படி வரவில்லையே.

இந்தக் காரில், அதுவும் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிய காரில், நான் முதலில் சந்தேகப்படுவது பின்பக்கக் கீழ்க்கைகளின் உள்முனையில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகளை. அலைன்மென்ட் மாற்றுவதற்கென்று மையம் விலகிய வளையத்தோடு செய்யப்பட்ட போல்ட் இது. இது கையின் முனையில் உள்ள ரப்பர் உறையின், அதாவது புஷ்ஷின், நடுவிலுள்ள இரும்புக் குழாய்க்குள் செல்கிறது. உப்புநீர் இறங்கி, போல்ட்டும் குழாயும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பட்டறையில் நடப்பதைச் சொல்கிறேன். வேலை செய்பவர் நீளமான ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு திருப்புகிறார். போல்ட் திரும்புகிறது, திரையில் எண் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகர்கிறது. நட்டை இறுக்கிவிட்டு பிரிண்ட் எடுக்கிறார். உண்மையில் போல்ட் குழாய்க்குள் வழுக்கித் திரும்பவில்லை. குழாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது, புஷ்ஷின் ரப்பர் முறுக்கேறி நிற்கிறது. முறுக்கப்பட்ட ரப்பர் சும்மா இருக்காது. கார் நாலு மேடுபள்ளத்தில் ஏறி இறங்குவதற்குள் கை கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வரப் பார்க்கும், காலப்போக்கில் ரப்பரும் கிழியும். இன்னொரு வகையும் உண்டு: போல்ட் அசையவே இல்லை என்றால் அசைகிற பக்கத்தை மட்டும் மாற்றி மொத்த டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உங்கள் சீட்டில் மொத்தம் மட்டும் இருப்பது எனக்கு இந்தச் சந்தேகத்தைத்தான் தருகிறது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அலைன்மென்ட் முடிந்த உடனே காரை இறக்காமல், முன்னும் பின்னும் ஒரு முழுச் சுற்று உருட்டி, பின்பம்பரின் இரு பக்கமும் நன்றாக அழுத்திவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் மாறினால் போல்ட்டோ புஷ்ஷோ சரியில்லை. போல்ட் பிடித்துக்கொண்டிருந்தால் துரு நீக்கும் எண்ணெயும் சூடும் சில சமயம் உதவும், பல சமயம் உதவாது. கடைசியில் ரம்பத்தால் போல்ட்டை அறுத்தெடுத்து, புது புஷ், புது போல்ட், அல்லது கையையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். போடும்போது போல்ட்டின் உடலில் துருவைத் தடுக்கும் கிரீஸ் தடவ வேண்டும். இன்னொன்று, பலர் தவறவிடுவது: ரப்பர் புஷ் உள்ள எந்த போல்ட்டையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக்கூடாது, காரின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது புஷ்ஷும் முதல் நாளே முறுக்கோடு ஓடத் தொடங்கும்.

அலைன்மென்ட் இயந்திரம் நிற்கிற காரை அளக்கிறது. உங்கள் கார் நழுவுவதோ ஓடும்போது, அதுவும் விசை மாறும் நொடியில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்சக்கரம் காரை முன்னோக்கித் தள்ளுகிறது. காலை எடுக்கும்போது என்ஜினின் தடை அதே சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. புஷ் தளர்ந்திருந்தால் இந்த இரு நிலைக்கும் இடையே சக்கரம் சில மி.மீ. முன்பின்னாக நகரும், நகரும்போது திரும்பவும் செய்யும். இந்த விசையைப் பகையாக வைத்துக்கொள்ளாமல் துணையாக்கிக்கொண்ட வடிவமைப்புகளும் உண்டு: 1977இல் வந்த போர்ஷே 928 காரின் வைசாக் ஆக்ஸில் என்ற பின்சக்கர அமைப்பு, காலை எடுத்தாலோ பிரேக் போட்டாலோ பின்சக்கரம் வெளிநோக்கித் திரும்பாமல் உள்நோக்கித் திரும்பும்படி அமைக்கப்பட்டது. அங்கே வேண்டுமென்றே கணக்கிட்டு வைத்த நெகிழ்வு, தேய்ந்த புஷ்ஷில் கணக்கில்லாமல் வருகிறது. சோதிக்க, காரைத் தூக்கி, கடப்பாரை போன்ற நெம்புகோலால் ஒவ்வொரு கையின் உள்முனையையும் நெம்பிப் பார்க்க வேண்டும். ரப்பர் கொஞ்சம் நெளியலாம், கிழிந்த வாய் திறக்கக்கூடாது, ‘டக்’ என்ற ஓசை வரக்கூடாது. பிறகு சக்கரத்தைக் கடிகாரத்தின் மூன்று, ஒன்பது மணி இடங்களில் பிடித்து ஆட்ட வேண்டும். டோவைப் பிடித்து வைத்திருக்கும் கையின் மூட்டில் ஆட்டம் இருந்தால் அங்கே தெரியும். பன்னிரண்டு, ஆறு மணி இடங்களிலும் சேர்ந்து ஆடினால் பேரிங்கைப் பாருங்கள். வலப் பின்சக்கரத்தில் தொடங்குங்கள். ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. பரிசோதனையில் பெரிய ஆட்டம் பிடிபடும், ஆனால் சக்கரக் கோணங்களை அங்கே அளப்பதில்லை. ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்பது இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

அடுத்த முறை அளக்கும்போது சில விஷயங்களை வற்புறுத்திக் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமான எடை, பாதி டேங்க் பெட்ரோல், நான்கு டயரிலும் சரியான காற்று. பின்சக்கரத்தை முதலில் சரிசெய்து த்ரஸ்ட் கோணத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே முன்சக்கரத்தைத் தொட வேண்டும். டோவை மி.மீ.யில் அல்லாமல் பாகையிலும் நிமிடத்திலும் வாங்குங்கள். காரணம், 6 மி.மீ. டோ-இன் என்று ஒருவர் சொன்னால் அது டயரின் வெளிவிட்டத்தில் அளந்ததா, ரிம்மில் அளந்ததா என்று தெரியாது: உங்கள் பின்டயரின் 631 மி.மீ. விட்டத்தில் அது சுமார் 33 நிமிடம்; 406 மி.மீ. ரிம்மில் சுமார் 51 நிமிடம். இணையத்தில் ஒருவர் எழுதிய எண்ணை இன்னொருவர் தன் காரில் போட்டுக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான். வீட்டிலேயே நூல் கட்டி அளக்க நினைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முன்அச்சின் டிராக் (இட, வலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) 1,470, பின்அச்சின் டிராக் 1,510 மி.மீ. என்பதால், நூலுக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் முன்னும் பின்னும் சமமாக வராது. ஒவ்வொரு அச்சிலும் இடமும் வலமும் சமமாக இருக்கும்படி நூலை நிறுத்த வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அளவுகளும் நிலைத்து நின்று, நழுவல் இடப்புறம் மட்டும் தொடர்ந்தால் அடுத்ததாக இரண்டைப் பார்ப்பேன். ஒன்று, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையான உயரத்தை நான்கு மூலையிலும் அளப்பது. முந்தைய உரிமையாளர் தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தாலோ, ஒரு ஷாக் அப்சார்பர் செத்திருந்தாலோ இங்கே ஏதாவது தெரியும். மற்றொன்று, இடப்பக்க வீல்பேஸையும் வலப்பக்க வீல்பேஸையும் தனித்தனியே அளப்பது, சில மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார் எப்போதோ ஓரக்கல்லிலோ வேறெதிலோ அடிபட்டிருக்கலாம். அப்போது சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமையும் கைகளையும் அளந்து பார்க்கத் தெரிந்த உடல்பகுதிப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

செலவு வரிசையைக் கேட்டால்: பின்டயர் பழையது என்றால் முதலில் அது, பிறகு போல்ட்டும் புஷ்ஷும், அதன் பிறகு அலைன்மென்ட். பாலியூரித்தேன் புஷ், உயரம் மாற்றும் காயில்ஓவர், டோ மாற்றத்தைக் குறைக்கும் கைகள் என்று கடைகள் காட்டுவதையெல்லாம் இப்போது வாங்காதீர்கள். அவற்றில் சில நல்லவையே, ஆனால் எது கெட்டிருக்கிறது என்று தெரியாத காரில் புதிதாக எதையாவது சேர்த்தால், அடுத்த முறை காரணத்தைத் தேடுவது இரு மடங்கு கடினமாகும். வேலை முடியும்வரை ஈரச் சாலையில் வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட்டு, ரவுண்டபவுட்டிலிருந்து வெளியேறி ஸ்டியரிங் நேராகும்வரை ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடியே ஓட்டுங்கள். இடம், வலம் தனித்தனியான பின்டோ அளவும் த்ரஸ்ட் கோணமும், உருட்டி அழுத்திய பிறகு மறுபடி எடுத்த அளவும் கிடைத்தால் இங்கே எழுதுங்கள்; அவற்றை வைத்து இதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.